சார்ஜ் தீர்ந்த அந்த இருபது நிமிடம்

பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. வீடு போய்ச் சேர இன்னும் இருபது நிமிடம் ஆகும். எனக்கு அப்போது பதினேழு வயது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி, "ஏன்டி உன் கை இப்படி நடுங்குது?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

"அவன் கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வரும்டி."

"வரட்டுமே. அதுக்கென்ன?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "அதுக்கென்ன" என்று நினைக்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சார்ஜரைத் தேடி ஓடினேன். போன் உயிர் பெற்றதும் நாற்பத்தொரு மிஸ்டு கால். கடைசியாக ஒரு செய்தி: "யார்கூட இருக்க?"

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. அந்த உறவு மொத்தம் பதினாறு மாதம். அதில் முதல் பதினோரு மாதம் அவன் என் மேல் கைவைக்கவே இல்லை. அதனால்தான் எனக்கு எதுவும் புரியவில்லை. யாராவது லேசாகக் கேட்டால்கூட, "அவன் அடிக்கவெல்லாம் மாட்டான்" என்று முந்திக்கொண்டு சொல்வேன். கொடுமை என்றால் அடி, அடி இல்லையென்றால் கொடுமை இல்லை என்ற கணக்கு எனக்குள் அவ்வளவு உறுதியாக இருந்தது.

ஆரம்பத்தில் எல்லாமே இனிப்பாக இருந்தது. தூங்கி எழும்போது அவன் செய்தி காத்திருக்கும். நான் எங்கே போனாலும் "சேர்ந்துட்டியா?" என்று கேட்பான். தோழிகளெல்லாம் "எவ்ளோ பொசசிவ் பாருடி" என்று சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அந்த வயதில் நாங்கள் "பொசசிவ்" என்ற சொல்லை ஒரு பட்டம் போலத்தான் பயன்படுத்தினோம். இன்றைக்கும் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. முதலில் பாஸ்வேர்டு: "நமக்குள்ள என்ன ரகசியம்?" அடுத்து லைவ் லொகேஷன்: "நீ பத்திரமா இருக்கியான்னு தெரிஞ்சா போதும்." அப்புறம் யாரோடு உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்கு போட்டோ. வகுப்புப் பையன்களின் எண்களை அழிக்கச் சொன்னான், அழித்தேன். குழுப் படம் ஒன்றை நீக்கச் சொன்னான், நீக்கினேன். என் நெருங்கிய தோழியைப் பற்றி, "அவ உன்னை என்கிட்டேருந்து பிரிக்கப் பாக்குறா" என்றான். நான் அவளிடம் பேசுவதைக் குறைத்தேன். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் சின்ன விஷயம். இதற்காகவா சண்டை போடுவது என்று விட்டுக்கொடுத்துவிடுவேன். ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, அவனைத் தவிர நான் பேச ஆளே இல்லை.

பொறாமை எல்லாருக்கும் வரும். எனக்கும் வரும். தன் பொறாமையைத் தானே சமாளிக்கிறவர்கள் உண்டு. அதைத் தணிக்க உங்கள் வாழ்க்கையைச் சுருக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அவன் இரண்டாவது வகை.

பதினேழு, பதினெட்டு வயதில் இருப்பவர்களுக்கு இப்போது நான் சொல்லும் ஒரு வழி இருக்கிறது. ஒரு சின்ன விஷயத்துக்கு "வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். "இன்னிக்கு ராத்திரி போன் பேச முடியாது, படிக்கணும்" என்பது போல. எதிரில் இருப்பவர் ஏமாற்றமடையலாம், முகம் வாடலாம், அதெல்லாம் இயல்பு. ஆனால் அந்த "வேண்டாம்" என்ற சொல்லுக்காக உங்களை இரண்டு நாள் வாட்டி எடுத்தால், பழி சொன்னால், மிரட்டினால் அது இயல்பில்லை. "ஐயோ, அப்படிச் சொல்லிப் பார்க்கவே எனக்குப் பயமா இருக்கே" என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து சொல்லிப் பார்க்காதீர்கள். அந்தப் பயமே பதில்தான். நேராக நம்பகமான ஒருவரிடம் போங்கள்.

அடியில்லாத கொடுமையும் கொடுமைதான் என்று நான் தெரிந்துகொண்டது மிகவும் தாமதமாக, கல்லூரியில் ஓர் உளவியல் ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது. அவர் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். வண்டிச் சக்கரம் போல ஒரு படம், நடுவில் "அதிகாரம், கட்டுப்பாடு" என்று எழுதியிருந்தது. 1984-ல் அமெரிக்காவின் டுலூத் நகரத்தில், துணையிடம் கொடுமையை அனுபவித்த பெண்களிடம் பேசிப் பேசி, அவர்கள் சொன்னதிலிருந்தே உருவாக்கிய படம் அது. பதின்வயதினருக்கென்று பின்னால் வந்த வடிவத்தைத்தான் அவர் எனக்குக் காட்டினார். மற்றவர்களிடமிருந்து பிரிப்பது, மிரட்டுவது, பாலியல் ரீதியாக வற்புறுத்துவது, செய்ததைச் சின்னதாக்கிக் காட்டுவது, அவமானப்படுத்துவது என்று எட்டுப் பிரிவுகள். அடி உதை அந்தச் சக்கரத்தின் வெளிவட்டத்தில்தான் இருந்தது. நான் ஆறு பிரிவுகளில் டிக் அடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ல் வந்த சட்டம், நெருங்கிய உறவில் ஒருவரை இப்படித் தொடர்ந்து அடக்கி ஆள்வதையே தனிக் குற்றமாக்கியது என்றும் அவர் சொன்னார். அடித்ததற்கான அடையாளம் தேவையில்லை. பதினேழு வயதில் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடைத்தது.

பன்னிரண்டாவது மாதம் முதல் முறை மணிக்கட்டை முறுக்கினான். மறுநாள் அழுதான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அதன்பின் இரண்டு வாரம் ஆரம்ப நாட்களைப் போலவே இருந்தது. அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-லேயே இந்தச் சுழற்சியை விவரித்திருக்கிறார்: இறுக்கம் கூடிக்கொண்டே போகும், வெடிக்கும், பிறகு மன்னிப்பும் கொஞ்சலும், மறுபடி இறுக்கம். எல்லாருடைய கதையும் இந்த வரிசையில் அமையாது. என் கதையில் கொஞ்சல் காலம் இரண்டு வாரமாக இருந்தது, ஒரு வாரமாகி, ஒரு நாளாகி, கடைசியில் "சாரி" என்ற ஒற்றைச் செய்தியாகச் சுருங்கிப்போனது.

அந்த நல்ல நாட்கள்தான் என்னைக் கட்டிப்போட்டன. ஆலோசகர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஸ்கின்னர் என்ற உளவியலாளரின் சோதனைகளில், கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போதாவது மட்டும், எதிர்பாராமல் தீனி கிடைத்துப் பழகிய புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். "நீங்க முட்டாள் இல்லைம்மா, எந்த உயிரும் இப்படித்தான் சிக்கும்" என்றார். எத்தனையோ பேர் என்னிடம் "ஏன் அப்பவே விட்டுட்டு வரல?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குச் சரியான பதில் எனக்கே அன்றுதான் கிடைத்தது.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. என் மணிக்கட்டின் தடிப்பைப் பார்த்த வகுப்புத் தோழி ஒருத்தி எனக்கு அதைத்தான் ஆறுதலாகச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பழமொழியை இனி யாரும் யாருக்கும் சொல்லாதிருந்தால் நன்றாக இருக்கும்.

சண்டைக்குப் பிறகு நான் ஏதாவது கேட்டால் ஒரே ஒழுங்கில் மூன்று நடக்கும். "நான் எங்க அடிச்சேன்? சும்மா பிடிச்சேன்." பிறகு, "உனக்கு எப்பவும் ஓவர் ஆக்டிங்." கடைசியில், "நீதான் என்னை இப்படி ஆக்கிட்ட. உண்மையில கஷ்டப்படுறது நான்தான்." பேச்சு முடியும்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பது நானாக இருப்பேன். மறுப்பது, தாக்குவது, பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக மாற்றிவிடுவது என்ற இந்த வரிசையை ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற உளவியலாளர் 1997-ல் பெயர் வைத்து அடையாளம் காட்டியிருக்கிறார். பெயர் தெரிந்த பிறகு பழைய செய்திகளை எடுத்து வாசித்தேன். ஒரு உரையாடல்கூடத் தப்பவில்லை.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவன் என் கழுத்தைப் பிடித்தான், சில நொடிகள்தான். தழும்பு எதுவும் விழவில்லை, அதனால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. துணையால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் கூடுவதாக 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வெளியில் அடையாளமே இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். கழுத்தில் கை வந்துவிட்டால் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

அம்மாவுக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் போனில் அவன் செய்தியைப் பார்த்துவிட்டார். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். பள்ளிக்குக் கூடவே வந்து விட்டுவிட்டு, மாலையில் கூடவே அழைத்து வந்தார். அவர் செய்தது முழுக்க முழுக்கப் பயத்தில். ஆனால் நடந்தது நேர்மாறு. வகுப்பில் ஒருத்தியின் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். "பாத்தியா, உன்னைப் புரிஞ்சுக்க நான் மட்டும்தான் இருக்கேன்" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முன்பு சண்டையிடும்போதெல்லாம் "உங்க அம்மாகிட்ட சொல்லவா?" என்றுதான் என்னை அடக்குவான். வீட்டின் மேல் எனக்கு இருந்த பயம்தான் அவன் கையிலிருந்த பெரிய ஆயுதம். அதை நாங்களே இன்னும் கூர்தீட்டிக் கொடுத்ததுபோல ஆயிற்று.

அந்த வாரம் அம்மாவிடம் கத்தினேன்: "அவனும் என் போனைப் பாக்குறான், நீயும் பாக்குற. உங்க ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?" அம்மா அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. பெற்றவர்கள் மேல் பழிபோட இதை எழுதவில்லை. பிள்ளையின் கழுத்தில் கத்தி இருப்பதைப் பார்க்கிறவருக்கு நிதானம் எங்கிருந்து வரும்? ஆனாலும் சொல்கிறேன்: போனைப் பிடுங்கினால் அவனோடான தொடர்பு அறுவதில்லை, உங்களோடான தொடர்புதான் அறுகிறது.

என்னை மீட்டது சித்தி. ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்க வந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தானும் மடிக்க ஆரம்பித்தார். அவன் யார், என்ன படிக்கிறான், எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, "அவன்கூட இருக்கும்போது உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நான் "நல்லாத்தான் இருக்கும்" என்றேன். "போன் அடிக்கும்போது?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

அவர் அவனைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நான் அவனுக்காக வாதாடியிருப்பேன், அந்த வாதத்தை நானே நம்பியும் இருப்பேன். "நீ சொன்னதை நம்புறேன். இது உன் தப்பில்லை" என்றார். பிறகு, "உன்னைக் கேக்காம இதை யார்கிட்டயும் கொண்டுபோக மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணிச்சுன்னா சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். எல்லா ரகசியத்தையும் காப்பேன் என்று பொய்யாக வாக்குக் கொடுக்காமல் இப்படிச் சொன்னதால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. அதற்குப் பிறகும் நான் இரண்டு முறை அவனிடம் திரும்பிப் போனேன். சித்தி ஒரு தடவைகூட "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. "சரி, எப்ப வேணா கூப்பிடு" என்பார், அவ்வளவுதான்.

விலகும் நேரம்தான் அதிக ஆபத்தான நேரம். கட்டுப்பாடு கைநழுவுகிறது என்று தெரிந்ததும் ஆள் மாறலாம். அதனால் நாங்கள் அவசரப்படவில்லை. முதலில் சித்தியின் போனிலிருந்து என் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றினோம். மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் சாவி அதுதானே. அடுத்து ஒவ்வொரு கணக்கிலும் வேறு எந்தக் கருவி உள்நுழைந்திருக்கிறது என்று பார்த்து வெளியேற்றினோம். என் கணக்கு அவன் போனில் நான்கு மாதமாகத் திறந்தே இருந்தது அப்போதுதான் தெரிந்தது. லொகேஷனை நிறுத்துவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டோம், முன்கூட்டியே நிறுத்தினால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். மிரட்டல் செய்திகளைக் கோபத்தில் அழித்துவிட இருந்தேன். சித்தி தடுத்து, தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன்னிடம் அனுப்பச் சொன்னார். எனக்கும் அவருக்கும் ஒரு சொல் ஏற்பாடு செய்துகொண்டோம். "நோட்டு" என்று மட்டும் நான் அனுப்பினால் அவர் உடனே கூப்பிட்டு வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும். வகுப்பாசிரியை ஒருவரிடமும் சொன்னோம்.

கடைசியாக ஒரு முறை நேரில் பேச வேண்டும் என்று அவன் கேட்டான். அந்தக் கடைசிச் சந்திப்புக்கு யாரும் போகாதீர்கள். செய்தியிலேயே எழுதினேன்: "எனக்கு இந்த உறவு வேண்டாம். இனி என்னைத் தொடர்புகொள்ளாதே." காரணம் எதுவும் எழுதவில்லை. ஒவ்வொரு காரணமும் ஒரு வாதத்துக்குக் கதவு திறந்துவிடும்.

"செத்துடுவேன்" என்று பதில் வந்தது. முன்பெல்லாம் இந்த ஒரு சொல்லுக்காகவே ஓடிப் போயிருக்கிறேன். இந்த முறை அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு அவன் அக்காவுக்குத் தெரியப்படுத்தினோம். யாராவது அப்படிச் சொன்னால் அவர் வீட்டாருக்கோ அவசர உதவிக்கோ சொல்வது நம் கடமை. தனியாகப் போய்க் காப்பாற்றுவது நம் வேலையில்லை, பதினேழு வயதில் நிச்சயம் இல்லை.

அவனிடம் என் இரண்டு படங்கள் இருந்தன. "எல்லாருக்கும் அனுப்பிடுவேன்" என்றான். அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. இன்று இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அன்று எனக்கு இல்லாத ஒரு வழி இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் அந்தரங்கப் படங்களுக்காக "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை 2023-ல் தொடங்கப்பட்டது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற எண்வரிசை உருவாகும், அது மட்டும்தான் போகும். இதில் சேர்ந்திருக்கும் சமூக வலைத்தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். பெயர் சொல்லத் தேவையில்லை. பெரியவர்களுக்கு "ஸ்டாப் என்சிஐஐ" இதே முறையில் இயங்குகிறது. படத்தைக் காட்டி மிரட்டுகிறவர் கேட்பதைக் கொடுத்தால் நிறுத்திவிடுவார் என்று நம்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார். படம் எடுத்ததற்காக வெட்கப்பட்டு வாய்மூடி இருக்கவும் வேண்டாம். பரப்புகிறவர்தான் குற்றவாளி, பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஏதோ ஓர் உறவில் இருந்த 15 முதல் 19 வயதுப் பெண்களில் 24 சதவீதம் பேர் துணையிடமிருந்து உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறார்கள். ஏறக்குறைய நாலில் ஒருத்தி. என் வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து நான் தனியாக அழுத நாட்களில், இன்னும் யார் யார் அழுதுகொண்டிருந்தார்களோ.

பையன்களுக்கும் இது நடக்கிறது. என் தம்பியின் நண்பனை அவன் காதலி எல்லார் முன்னாலும் அறைந்தாள், கூட்டமே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு தம்பியிடம் தனியாக வந்து, "இதை யார்கிட்டடா சொல்றது?" என்று கேட்டிருக்கிறான். உங்கள் மகனோ நண்பனோ இப்படிக் கேட்டால் சிரிக்காமல் கேளுங்கள், அதுவே பாதி உதவி.

விலகிய பிறகு நிம்மதி வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனை நினைத்து ஏங்குவேன் என்று யாரும் சொல்லவில்லை. ஏங்கினேன், நான்கைந்து மாதம். அது தவறான முடிவு எடுத்ததற்கு அடையாளம் என்று நினைத்துத்தான் அந்த இரண்டாவது முறை திரும்பிப் போனேன். மூன்றாவது முறை விலகியபோது, ஏக்கம் வரும், வந்தால் என்னைக் கூப்பிடு என்று சித்தி முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். கூப்பிட்டேன். எதை எதையோ பேசினோம். அன்று இரவு கடந்தது. நான் பேசுவதைக் குறைத்திருந்த அந்தப் பேருந்துத் தோழியிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுடி" என்று பையை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

இப்போது என் வாழ்க்கையில் இன்னொருவர் இருக்கிறார். பழகத் தொடங்கிய புதிதில், தோழிகளோடு வெளியே போன ஒரு மாலை, கூட உட்கார்ந்திருந்தவர்களைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். கூடவே லொகேஷனும், எத்தனை மணிக்குக் கிளம்புவேன் என்ற விவரமும், போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதும். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "படம் நல்லாருக்கு. ஆனா சார்ஜ் பத்தியெல்லாம் எதுக்கு என்கிட்ட சொல்ற?"